காலி பண்ணச் சொல்வது யார்?

வீட்டை விற்பதற்கு முன்னால் காலி பண்ணிவிட வேண்டுமா, விற்று முடித்த பிறகு காலி பண்ணலாமா? ராஜபாளையம் டவுனில் சொந்த வீடு வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். விரல் விட்டுக் கணக்குச் சொல்வார். சாமான்களை எடுத்துவிட்டு வெள்ளையடித்துக் காட்டினால் அறை பெரிதாகத் தெரியும், நாலு காசு கூடக் கிடைக்கும். ஆனால் விலை படிகிற வரைக்கும் வேறொரு வீட்டுக்கு வாடகை கொடுக்க வேண்டும். குடியிருந்துகொண்டே விற்றால் வாடகை மிச்சம். வருகிறவன் போகிறவனெல்லாம் அடுப்படி வரைக்கும் எட்டிப் பார்ப்பான். எது லாபமோ அதைச் செய்துவிட்டுப் போவார். அவருக்கு இது வெறும் கணக்கு.

இதே கேள்வியைச் சேரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே இது கேள்வியாகவே இருக்காது. உத்தரவாக இருக்கும்.

ஊரில் சண்டை வந்த மறுநாள் காலையில் வேனில் வந்து இறங்குகிற அதிகாரி சொல்வார்: “ஒரு வாரம் சொந்தக்காரங்க வீட்ல போயி இருங்கம்மா, எல்லாம் அடங்கட்டும்.” சாதி மாறிக் கல்யாணம் முடித்த பையனின் தகப்பனிடம் ஊர்ப் பெரிய மனுசர் சொல்வார்: “நீ இங்க இருக்குற வரைக்கும் எங்க பயல்களை என்னால பிடிச்சு வைக்க முடியாதுப்பா.” தரகர் சொல்வார்: “ஆள் இருக்குற வீட்டை எவன் வாங்குவான்? சாவியைக் குடு, நான் பாத்துக்கிடுறேன்.” நாலு எழுத்துப் படித்து வேலைக்குப் போன நம்ம வீட்டுப் பிள்ளையும் சொல்லும்: “முதல்ல வெளிய வாங்க, வீட்டை அப்புறம் வித்துக்கிடலாம்.” நாலு பேரும் நாலு விதமான ஆட்கள். கூடிப் பேசி வைத்துக்கொண்டு சொன்னதல்ல. இதில் ஒருவர் நம் மேல் உள்ள பாசத்தினால் சொல்கிறார் என்பதும் உண்மை. ஆனாலும் நாலு வாயிலிருந்தும் வருவது ஒரே சொல்தான்: முதலில் காலி பண்ணு.

இந்த ‘நல்ல யோசனை’யை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சேரியில் வீட்டைக் காலி பண்ணிவிட்டு விற்கிறவன் விற்பதில்லை, விட்டுவிட்டுப் போகிறான். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போவதை நாம் முடிவு பண்ண வேண்டும். விலையை நாம் சொல்ல வேண்டும். கிரயப் பத்திரத்தில் கையெழுத்து விழுகிற நாள் வரைக்கும் நம் அடுப்பு அங்கே எரிய வேண்டும்.

*

டவுன்காரரின் கணக்கு மூன்று விஷயங்களை நம்பி நிற்கிறது. ஒன்று, தன் வீட்டுக்கு ஒரு சந்தை இருக்கிறது. இரண்டு, போய் இருக்க இன்னொரு வீடு கிடைக்கும். மூன்று, பூட்டிவிட்டுப் போனாலும் வீடு தன்னுடையதாகவே இருக்கும். இந்த மூன்றையும் அவர் யோசித்துப் பார்த்ததுகூடக் கிடையாது. மூச்சு விடுகிற மாதிரி அவருக்கு அது இயல்பு. நமக்கு மூன்றும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சந்தை. நம் காலனி வீடுகள் எப்படி வந்தன? மனை பல இடங்களில் அரசு எடுத்துக் கொடுத்தது. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் அதற்கென்றே ‘அரிசன நல’த் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். மேலே எழும்பிய வீடு தொகுப்பு வீடு. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம், 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2016க்குப் பிறகு பிரதமர் வீட்டு வசதித் திட்டம் என்று ஆட்சி மாற மாற வாசலில் பதிக்கிற கல்லில் பெயர் மாறியது. வீடு நின்ற இடம் மாறவில்லை. ஊருக்கு வெளியே, மழைத் தண்ணி வந்து தேங்குகிற பள்ளத்தில், சுடுகாட்டுப் பாதையை ஒட்டித்தான் நின்றது. வீட்டைக் கொடுத்த அரசு, ஊரும் சேரியும் ஒன்றாகாமல் பார்த்துக்கொண்டுதான் கொடுத்தது.

அந்தப் பட்டாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். விற்பதற்கு நிபந்தனை போட்டிருக்கும். நிபந்தனை இல்லாத பட்டா என்றே வைத்துக்கொள்வோம், யார் வாங்குவார்? சாதி இந்து ஒருவர் நம் தெருவில் குடியிருக்க வரமாட்டார். அப்படியே வாங்கினால் குடியிருக்க வாங்கமாட்டார். பின்னால் இருக்கிற தன் தோப்புக்கு வண்டிப் பாதை விடுவதற்கு வாங்குவார். நம்ம ஆட்களில் வாங்க நினைக்கிறவர்களிடம் கையில் மொத்தப் பணம் இருக்காது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவரும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவரும், மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிற பிள்ளையும் சீட்டுப் பிடித்து, நகையை வைத்து, நாலு தவணையில் கொடுப்பார்கள். பேங்கில் லோன் கேட்டால் மேனேஜர் தெருப் பெயரைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைப்பார்.

தெருப் பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. சார்பதிவாளர் ஆபீசில் வழிகாட்டி மதிப்பைத் தெருத் தெருவாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். காலனித் தெரு என்ற பெயரைப் பார்த்ததுமே விலை தெரிந்துவிடும். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. வசவாக மாறிப்போன சொல் ஒழியட்டும். சொல் ஒழிந்தால் விலை ஏறுமா என்பதைப் பத்திரம் பதியப் போகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். பெயர்ப் பலகையை மாற்ற ஒரு பெயிண்டர் போதும். அந்தத் தெருவில் குடிவர மாட்டேன் என்கிறவன் மனசுக்கு எந்தப் பெயிண்டைப் பூசுவது?

அந்த நிபந்தனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பஞ்சமி நிலத்தை மறந்துவிடாதீர்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வெள்ளைக்கார அரசு நமக்கு நிலம் ஒதுக்கியது. பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் நம்மவருக்குத்தான் விற்க வேண்டும் என்று எழுதி வைத்தது. எழுத்து அப்படியே இருக்கிறது. நிலம் எங்கே? அதைக் கேட்டுப் போன காரணை மக்கள் மீது 1994 அக்டோபர் 10இல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. காகிதத்தில் உள்ள நிபந்தனை, நிலத்தின் மேல் நிற்கிறவனைத்தான் காப்பாற்றும். நிலத்தை விட்டு இறங்கிப் போனவனுக்கு அது வெறும் காகிதம்தான்.

*

இரண்டாவது, போய் இருக்க இன்னொரு வீடு.

‘முதலில் வெளியே வா’ என்கிறவர்கள், வெளியே வந்து எங்கே படுப்பது என்று சொல்வதில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்த நம் ஆட்களைக் கேளுங்கள். சாதி என்ன என்று நேரடியாக யாரும் கேட்கமாட்டார்கள். நாகரிகம் தெரிந்தவர்கள். “சொந்த ஊர் எதுங்க?” என்பார்கள். ஊரைச் சொன்னால், “ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” என்பார்கள். அதிலும் பிடி கிடைக்கவில்லை என்றால் “குலசாமி எது?” என்பார்கள். கடைசியாக “கறி மீன் சமைப்பீங்களா?” என்று முடிப்பார்கள். எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு நானும் ராஜபாளையத்தில் இப்படித் தெருத் தெருவாக அலைந்திருக்கிறேன். ஒரு வீட்டம்மா சாவியைக் கொண்டுவந்து திறந்தே காட்டிவிட்டார். தண்ணி எப்போ வரும், மோட்டார் எப்போ போடணும் என்பது வரைக்கும் பேசியாகிவிட்டது. என் ஊர்ப் பெயரைச் சொன்னதும், “மக குடும்பம் வாரேன்னு சொல்லுச்சு தம்பி, மறந்தே போச்சு” என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். ‘வாடகைக்கு’ என்ற அட்டை அந்த வாசலில் மூன்று மாசம் தொங்கியது.

இது இன்று நேற்று வந்ததல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த அம்பேத்கருக்கு 1917இல் பரோடாவில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தன்னை மறைத்துத் தங்கினார். கம்போடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. அந்த ஊர்ப் பூங்காவில் போய் உட்கார்ந்து அழுதார். சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்க வந்தவருக்கே அந்தக் கதி என்றால், கூலி வேலை பார்க்கிற குடும்பத்தை ‘முதலில் காலி பண்ணு’ என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? கல்யாணம் முடித்துக் கொடுத்த மகள் வீட்டுத் திண்ணையில் போய்ப் படு என்று அர்த்தம். சம்பந்தி வீட்டில் எத்தனை நாள் படுக்க முடியும்? எட்டாம் நாள் கையில் மூட்டையோடு நிற்கிறவன் வீட்டுக்கு என்ன விலை கேட்டாலும் கொடுத்துவிடுவான். கேட்கிறவனுக்கும் அது தெரியும். காலி வீட்டின் விலையைச் சுவரும் கூரையும் முடிவு செய்வதில்லை, வெளியே நிற்கிறவனின் அவசரம்தான் முடிவு செய்கிறது.

*

மூன்றாவது, பூட்டிவிட்டுப் போன வீடு.

நம் நாட்டில் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உன் சொத்தில் இன்னொருவன், தனக்கே உரியது என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, 12 ஆண்டு நீ கேட்காமல் விட்டுவிட்டால், பிறகு கேட்கிற உரிமை உனக்குப் போய்விடும். கோர்ட்டுகள் இதற்குக் கடுமையான சான்று கேட்கின்றன என்பது உண்மை. ஆனால் கோர்ட்டுக்குப் போக வேண்டியவன் நீ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிற நீ, வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வராந்தாவில் வாய்தாவுக்கு வாய்தா நிற்க வேண்டும். அவன் உன் வீட்டில் மாட்டைக் கட்டிவிட்டு வீட்டிலிருந்து நடந்து வருவான்.

தமிழ் பேசுகிற இன்னொரு மண்ணில் நடந்ததைச் சொல்கிறேன். 1990 அக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். விற்க நேரமா இருந்தது? பூட்டிக்கொண்டு, கையில் கொண்டுபோக விட்டதைக் கொண்டுபோனார்கள். வட மாகாணம் முழுக்க இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல். அந்த நாட்டுச் சட்டத்தில் பத்து ஆண்டு அனுபவித்தவனுக்குச் சொத்தில் உரிமை வந்துவிடும். போர் முடிந்து திரும்பிப் போனவர்கள் பலர் தங்கள் வாசலில் வேறு ஆட்களைப் பார்த்தார்கள். போரினால் வெளியேறியவர்களின் காலக்கெடுவைக் கணக்கில் எடுக்காமல் விட 2016இல்தான் அங்கே தனிச் சட்டம் வந்தது. 26 ஆண்டு கழித்து! தமிழர்கள் தமிழர்களுக்குச் செய்த அநியாயம் அது. தலித்துகளாகிய நாம்தான் அதை முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு மணி நேரக் கெடு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்.

*

நம் வட்டாரத்துக்கே வருவோம். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்துக்குள் நுழைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் எதை அடித்தார்கள்? வீட்டை. வெளிநாடு போய்ச் சம்பாதித்து வாங்கிய டி.வி., மின்விசிறி, தையல் மிசின், பிள்ளைகளின் சர்டிபிகேட், பாஸ்போர்ட். கிணற்றுத் தண்ணியையும் பாழாக்கினார்கள் என்று ஊர் மக்கள் சாட்சி சொன்னார்கள். குடிசையாக இருந்தவரை பொறுத்துக்கொண்டவர்களுக்கு, அது வீடானதுதான் பொறுக்கவில்லை. 2012 நவம்பர் 7இல் தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளிலும் இதேதான். 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. பெங்களூரில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்த பீரோவும் வண்டியும் எரிந்தன. ஆனால் அந்த மக்கள் எரிந்த சுவருக்குப் பக்கத்திலேயே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அரியானா மிர்ச்பூரில் 2010 ஏப்ரலில் ஒரு முதியவரையும் அவர் மகளையும் வீட்டோடு எரித்தார்கள். அந்த ஊரின் 250க்கும் மேற்பட்ட வால்மீகிக் குடும்பங்கள் வெளியேறின. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம் தண்டனைகளைக் கூட்டித் தீர்ப்புச் சொன்னபோது எட்டு ஆண்டு ஓடிப்போயிருந்தது. நீதி கிடைத்தது. ஊர் கிடைக்கவில்லை.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வந்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். ஒரு தலித் வீரனின் பெயரை எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமே பற்றியெரிந்தது. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்கள் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மொத்தமாக எடுத்துவிட்டது. ஒரு பெயரைப் பொறுக்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயரும் போயிற்று. அந்தக் கலவரத்தில் இரண்டு பக்கமும் வீடு எரிந்தது, இரண்டு பக்கமும் ஆள் செத்தார்கள். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘ஒரு வாரம் வெளியே போய் இருங்க’ என்ற வார்த்தை எந்தப் பக்கத்துக்குச் சொல்லப்பட்டது என்று கேட்டால், பதில் ஒன்றுதான்.

என் சின்னம்மாவுக்குச் சொல்லப்பட்டது. ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒரு காலனி. சின்னம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தது. சமாதானம் பேச வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுப் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. எனக்கு அப்போது ஆறு வயசு. பதினோரு நாள் கழித்துத் திரும்பிப் போனபோது கதவு இல்லை, நிலை இல்லை, ஆட்டுரல் குழவிகூட இல்லை. அந்த வாரமே ஒரு ஆள் வந்திருக்கிறான். “பூட்டிக் கிடந்த வீடுதானம்மா, அஞ்சாயிரம் வாங்கிக்கிட்டுப் போ. இல்லைன்னா அதுவும் இல்ல.” சின்னம்மா சொன்னதை இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்வார்கள்: “இந்த மண்ணுலதான் சாகணும்னு எனக்கு ஒண்ணும் நேத்திக்கடன் இல்ல. நாளைக்கே வேணும்னாலும் போவேன். ஆனா இவன் துண்டை உதறுனான்னு நான் எந்திரிக்க மாட்டேன்.” கதவு இல்லாத வீட்டில் சேலையைக் கட்டிவிட்டுக் குடியிருந்தது. பதினாலு வருசம் கழித்து, 2011இல், மகன் திருப்பூரில் காலூன்றிய பிறகு, அண்ணன் மகள் குடும்பத்துக்கே அந்த வீட்டை விற்றது. பத்திரம் பதிகிற அன்றைக்குக் காலையில் அங்கேதான் சோறு பொங்கியது. சாவியைச் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் வைத்துத்தான் கொடுத்தது. என் சின்னம்மா கையெழுத்துப் போடத் தெரியாதது. கைநாட்டு வைத்தது. ஆனால் எதை முன்னால் செய்ய வேண்டும், எதைப் பின்னால் செய்ய வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

*

சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தலித் ஒருவரை அவருடைய வீட்டையோ ஊரையோ விட்டுப் போகும்படி வற்புறுத்துவதே குற்றம் என்றது. 3(1)(15) என்று நாம் மனப்பாடம் செய்த பிரிவு. திருத்தச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அது 3(1)(z) ஆனது. கூடவே ஒரு வாலும் ஒட்டிக்கொண்டது: பொதுக் கடமையை நிறைவேற்றுவதற்காக எடுக்கிற நடவடிக்கைக்கு இந்தப் பிரிவு பொருந்தாதாம். வாலை நன்றாகப் பாருங்கள், தோழர்களே. ஊர்க்காரன் ‘போடா’ என்றால் குற்றம். அதையே அதிகாரி ‘போங்கம்மா’ என்று சொல்லிவிட்டால், பொதுக் கடமை என்று சொல்லித் தப்பிக்க வாசல் திறந்து கிடக்கிறது. ஊர்க்காரன் செய்ய நினைத்ததை அமைதிப் பேச்சுவார்த்தை செய்து முடிக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரைவிட்டு விரட்டப்பட்டவருக்கு அரசு செய்ய வேண்டியது என்ன என்று அந்தச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. வீட்டிலும் ஊரிலும் தங்குகிற உரிமையை மீட்டுக் கொடுக்க வேண்டும், அழிந்த வீட்டை அரசு செலவில் கட்டித் தர வேண்டும், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 1 லட்சம் ரூபாயும் தர வேண்டும். மீட்டுக் கொடு என்று கேட்க நம்மிடம் என்ன இருக்க வேண்டும்? வீடு இருக்க வேண்டும். அவசரத்தில் அரை விலைக்குத் தள்ளிவிட்டவன் எதை மீட்கச் சொல்லிக் கேட்பான்? எதிர்த்தரப்பு வக்கீல் கிரயப் பத்திரத்தை நீட்டி, “இவர் விரும்பித்தானே விற்றிருக்கிறார்” என்பார். நாம் போட்ட கையெழுத்தே நமக்கு எதிர்ச் சாட்சியாக நிற்கும்.

நாம் போனால் இப்படி. அவர்கள் போனால்? மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் கட்டிய தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6இல் இடித்தார்கள். அதைப் பொறுக்காமல் சாதி இந்துக்கள் ரேசன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். உடனே அதிகாரிகள் மலையடிவாரத்துக்கே போனார்கள், திரும்பி வாருங்கள் என்று கெஞ்சினார்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், “உங்க வீட்டை வித்துட்டு வேற ஊர் பாத்துக்கோங்க” என்று அவர்களிடம் சொன்னாரா? அவர்கள் வெளியேறினால் அது போராட்டம். நாம் வெளியேறினால் அது தீர்வு.

*

“அம்பேத்கரே கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னாரே” என்று நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். சொன்னார். கிராமத்தைக் கோயிலாக்கிக் கும்பிட்டவர்களை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே கிழித்துப் போட்டார். மண்ணை விட்டுப் போகாதே, வேரை அறுத்துக்கொள்ளாதே என்று டவுனில் உட்கார்ந்துகொண்டு உருகுகிற எழுத்தாளர்களோடு எனக்கும் சேர்த்திக் கிடையாது. அவர்களுக்குக் கிராமம் நினைவு. நமக்கு அது செருப்பைக் கையில் பிடித்து நடந்த தெரு.

ஆனால் அம்பேத்கர் எப்படிப் போகச் சொன்னார் என்பதைப் படிக்க வேண்டும். 1942 ஜூலையில் நாக்பூர் மாநாடு தனிக் குடியிருப்புகளைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 1947இல் அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அதற்கு ஒரு குடியமர்த்தும் ஆணையம் வேண்டும், சாகுபடி ஆகாத அரசு நிலம் வேண்டும், அரசுப் பணம் வேண்டும் என்று கேட்டார். ‘மூட்டையைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கு ராத்திரியே கிளம்பு’ என்று அவர் சொல்லவில்லை. முதலில் நிலம், முதலில் வீடு, அதற்குப் பிறகு வெளியேற்றம் என்றார். கூட்டமாக, உரிமையோடு, அரசைப் பொறுப்பாக்கிவிட்டு வெளியேறுவது வேறு. ஒவ்வொரு குடும்பமாக, ராத்திரியோடு ராத்திரியாக, சம்பந்தி வீட்டுக்குப் போவது வேறு. முன்னது அம்பேத்கர் கேட்டது. பின்னது ஆதிக்கச் சாதி கேட்பது. பின்னதைச் செய்துவிட்டு முன்னவர் படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கொலை விழப்போகிறது என்றால்? போக வேண்டியதுதான். உயிரைவிட வீடு பெரிதல்ல, பிள்ளைகளை முதலில் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும். ஆனால் அது ‘காலி பண்ணுவது’ ஆகிவிடக் கூடாது. யார் போகச் சொன்னார்கள், எந்தத் தேதி, என்ன வார்த்தை என்று எழுதி அன்றைக்கே எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அதிகாரி வாயால் சொன்னால், “எழுத்தில் கொடுங்க சார்” என்று கேட்க வேண்டும். எழுத்தில் ஒருபோதும் தரமாட்டார். தரமாட்டேன் என்றார் என்பதையும் எழுத வேண்டும். வீட்டுக்குள் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். வீட்டு வரியும் கரண்டு பில்லும் நம் பெயரிலேயே கட்டி ரசீதைச் சேர்த்து வைக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்ற அவசரப்படக் கூடாது. நாம் திரும்ப முடியாவிட்டால் நம்ம ஆட்களில் ஒரு குடும்பத்தை எழுத்து எழுதிக் குடிவைக்க வேண்டும். நம்மை விரட்டியவனுக்கே ஒத்திக்கு விட்டுவிட்டு வந்தால், அந்த ஒத்தி திரும்புகிற நாள் வராது.

விற்பது என்று முடிவானால் விற்கலாம். பட்டா நிபந்தனையைத் தெரிந்த வக்கீலிடம் காட்டி, நம் ஆட்களுக்கே விற்கப் பார்க்க வேண்டும். அக்ரிமெண்ட் போட்ட அன்றைக்கே சாவியைக் கொடுத்தவர்கள் பாக்கிப் பணத்துக்கு அலைகிற கதை ஒவ்வொரு காலனியிலும் நாலு உண்டு. பணம் முழுசாகக் கைக்கு வந்து, பத்திரம் பதிவாகிற நாள் வரைக்கும் விளக்கு எரியட்டும், அடுப்பு எரியட்டும், வாசலில் கோலம் விழட்டும்.

உத்தியோகத்துக்குப் போன நம் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. டவுனில் வீடு கட்டியிருக்கிறீர்கள், சந்தோசம். அது உங்கள் உழைப்பு. ஆனால் காலனியில் பூட்டிப் போட்டிருக்கிற உங்கள் வீடு, பக்கத்து வீட்டின் விலையையும் சேர்த்து இறக்குகிறது. ஒரு தெருவில் மூன்று வீடு பூட்டியிருந்தால் நாலாவது வீட்டுக்காரனைப் பார்த்துத் தரகர் சிரிக்கிறான். கலவரம் வந்தால் முதலில் கதவு போவது பூட்டின வீட்டுக்குத்தான். அதற்கு அடுத்தது பூட்டின வீட்டுக்குப் பக்கத்து வீடு. விற்பதாக இருந்தால் அங்கே இருக்க வீடில்லாமல் ஒரே அறையில் இரண்டு குடும்பம் படுத்திருக்கிறதே, அவர்களுக்குத் தவணையில் விற்றுவிடுங்கள். விற்பதாக இல்லையென்றால் சாவியைக் கொடுங்கள். டியூசன் நடக்கட்டும், படிப்பகம் நடக்கட்டும், பிள்ளைகள் சத்தம் கேட்கட்டும்.

அடுத்த தடவை ஒரு ஆள் வந்து “முதல்ல காலி பண்ணுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கிடலாம்” என்று சொன்னால், அவர் யாராக இருந்தாலும் சரி, காக்கிச் சட்டையோ வெள்ளை வேட்டியோ நம்ம ரத்தமோ, ஒரே கேள்வி கேளுங்கள்: “இதையே நீங்க ஊருக்குள்ள போயி, அந்தத் தெருவுல சொல்வீங்களா?” அவர் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க வேண்டாம்.